விஸ்டினுக்கு விழுந்த ஒன்று

எங்கள் ஊரில் ஒருவன் எந்தக் கட்சி என்று அவனிடமே கேட்க வேண்டியதில்லை. சதுக்கத்தில் எந்தப் பக்கம் உட்கார்ந்து டீ குடிக்கிறான் என்று பார்த்தால் போதும். கோயில் வாசலில் நின்றால் இடது கைப்பக்கம் சிவப்புக் கட்சியின் மன்றம், வலது கைப்பக்கம் நீலக் கட்சியின் மன்றம். இரண்டிலும் ஒரே டீ, ஒரே கண்ணாடி கிளாஸ். பாலாடைக்கட்டி வைத்த மொறுமொறுப் பலகாரம்கூட இரண்டு மன்றத்துக்கும் ஒரே அடுப்பிலிருந்துதான் போகிறது. இருந்தாலும் எதிர்ப்பக்கத்து டீ தொண்டையில் இறங்காது என்று நம்புகிற ஜனம் நாங்கள். மால்டாத் தீவு முழுக்க இந்தக் கூத்துதான். எங்கள் ஊரில் ஒரு பிடி உப்பு அதிகம், அவ்வளவே.

விஸ்டின் சிவப்பு. கப்பல் பட்டறையில் வேலை பார்த்த அவன் அப்பா, பிள்ளைக்கு ஞானஸ்நானம் முடிந்த கையோடு வீட்டுக்குப் போகாமல் மன்றத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டியவர். குடும்பப் பெயர் என்று ஒன்று அடையாள அட்டையில் இருக்கத்தான் செய்கிறது. ஊருக்கு அது எதற்கு? தாத்தா எந்தக் காலத்திலோ சாக்கு விற்றதால் அவர்கள் ‘சாக்கு வீட்டார்’. மூத்தவன் சாக்கு வீட்டு சால்வு, இளையவன் சாக்கு வீட்டு விஸ்டின்.

இளையவனாகப் பிறந்ததிலிருந்தே விஸ்டினுக்கு எதிலும் இரண்டாவது இடம்தான். அண்ணன் போட்டுக் கழித்த சட்டை, அண்ணன் ஓட்டித் தேய்த்த சைக்கிள். ஊர் பாண்டு வாத்தியக் குழுவில் பின்வரிசைக் குழல். பிளம்பர் வேலையில் கைதேர்ந்த பிறகு மன்றத்தில் துணைத் தலைவர் ஆனான். தலைவர் ஸ்பிரு எத்தனை தடவை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாலும் இவன் துணைத் தலைவராகவே இருந்தான். அதற்காக யாரிடமும் முகம் சுளித்தவன் இல்லை. கோடையில் குழாயில் தண்ணீர் வராமல் மொட்டைமாடித் தொட்டி காய்ந்து போனால் சிவப்பு வீடு, நீல வீடு என்று பார்க்காமல் ஏணியில் ஏறிவிடுவான். நீல வீட்டுக்காரர்கள் மட்டும் கொல்லை வழியாக வரச் சொல்வார்கள். அவனும் போவான்.

அண்ணன் சால்வு பளிங்குக் கல்லில் எழுத்து வெட்டுகிறவன். எங்கள் கல்லறைத் தோட்டத்தில் பாதிப் பேருடைய பெயர் அவன் உளியால் விழுந்தது. அவன் கட்டியது நீல வீட்டுப் பெண்ணை. கல்யாணத்துக்குப் பிறகு ஒரு வருடம் சதுக்கத்தில் எந்தப் பக்கமும் டீ குடிக்காமல் இருந்து பார்த்தான். முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வலது கைப்பக்கம் நடந்தான். அன்றைக்கு அவன் அப்பா வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டார். சகோதரர்கள் மட்டும் கல்பட்டறையில் ரகசியமாகப் பார்த்துப் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள், அந்தச் சவப்பெட்டி வரும்வரை.

ஜெயித்த கட்சி தோற்ற கட்சிக்குச் சவ ஊர்வலம் நடத்துவது எங்கள் வழக்கம். ஒட்டுப்பலகையில் பெட்டி செய்து, தோற்றவன் நிறத்தைப் பூசி, மெழுகுவர்த்தி ஏற்றி, ஒருவன் பாதிரியார் வேஷம் போட்டு, நான்கு பேர் தூக்கிக்கொண்டு எதிர்க்கட்சியின் தீவிரக்காரர்கள் வீட்டு வாசலில் எல்லாம் இறக்கி வைத்து ஒப்பாரி வைப்பார்கள். நன்றாகத்தான் சிரிப்பு வரும், பெட்டி நம் வாசலுக்கு வராதவரை. அந்த வருடம் சிவப்பு ஜெயித்தது. பெட்டி சால்வு வீட்டு வாசலில் இறங்கியது, அவனோடு இருந்த மாமனார் பெரிய நீலம் என்பதால். சால்வு கதவைத் திறந்து, “சத்தம் போடாதீங்கப்பா, உள்ளே ஆளு இழுத்துக்கிட்டுக் கிடக்காரு” என்றான். அதையும் வேடிக்கை என்று நினைத்து எல்லாரும் இன்னும் உரக்கச் சிரித்தார்கள். பெட்டியின் முன்பக்கத்து மூலையைப் பிடித்திருந்த விஸ்டினும் சிரித்தான். மாமனார் மறுநாள் விடிவதற்குள் போய்விட்டார். அதற்குப் பிறகு அண்ணனும் தம்பியும் பேசவில்லை. அம்மாவின் நினைவுப் பூசையில் ஒரே பெஞ்சின் இரண்டு ஓரத்தில் உட்காருவார்கள்.

இப்படி வருடங்கள் ஓடி, விஸ்டினுக்குத் தலை நரைத்த காலத்தில், சிவப்புக் கட்சித் தலைமை எங்கள் ஊரிலிருந்து ஒரு வேட்பாளர் வேண்டும் என்றது. ஸ்பிருவுக்கு நெஞ்சு வலி. எல்லாரும் விஸ்டினைப் பார்த்தார்கள்.

விஸ்டினின் மனைவி மர்யன்னா விவரம் தெரிந்தவள். அன்று சாப்பாட்டு மேஜையில் முயல் குழம்பைத் தள்ளி வைத்துவிட்டு நேராகவே சொன்னாள்.

“உன்னைத் தூண்டில் புழுவா மாட்டுறாங்க. உனக்கு வேண்டிய நாலு பேரு ஓட்டை நீ திரட்டிக் குடுப்பே. நீ கழண்டதும் அதெல்லாம் உங்க கட்சியிலேயே நிக்கிற டாக்டர் ஷெர்ரிக்குப் போகும். இது தெரியாத மாதிரி இளிச்சுக்கிட்டு உக்காந்திருக்கியே.”

“தெரியும்டி. ஜெயிக்க மாட்டேன்னும் தெரியும்.”

“அப்புறம் எதுக்கு?”

விஸ்டின் ரொட்டியைக் குழம்பில் தோய்த்தபடியே சொன்னான்: “ஊரு ஒரு தடவை எனக்கு ஒண்ணு போடட்டும். அவ்வளவுதான் வேணும் எனக்கு.”

அவன் சொன்னது என்ன என்பது எங்கள் ஓட்டுச்சீட்டைப் பார்த்தவர்களுக்குப் புரியும். பெயர்களுக்கு எதிரே முத்திரை குத்துவது இங்கே கிடையாது, எண் போட வேண்டும். மிகவும் பிடித்தவனுக்கு ஒன்று, அடுத்தவனுக்கு இரண்டு, அப்படியே போகும். ஒவ்வொரு கட்சியும் ஒரு தொகுதியில் ஏழெட்டுப் பேரை நிறுத்தும். இருப்பதோ மொத்தம் ஐந்து இடம். ஒன்று குறைவாக வாங்கியவனைக் கழற்றிவிட்டு, அவன் சீட்டுகளை அவற்றில் இரண்டு வாங்கியவர்களுக்குக் கொடுப்பார்கள். ஆகவே அடிதடி எல்லாம் எதிர்க்கட்சியோடு என்று நினைத்தால் அது வெளியூர்க்காரன் கணக்கு. உண்மையான சண்டை சொந்தக் கட்சிக்குள் நடக்கும் பங்காளிச் சண்டை. எதிர்க்கட்சியோடு உள்ள சண்டைக்கு ஒன்று மட்டும் போதும். நாடு முழுக்க விழுந்த ஒன்றுகளைக் கட்சிவாரியாகக் கூட்டி, எதற்கு அதிகமோ அதற்குத்தான் ஆட்சி. ஒன்று போட்டது போட்டதுதான். இதைப் பால்குடி மறக்காத பிள்ளைகூட எங்கள் ஊரில் சொல்லும். ஒரு கட்சிக்காரனுக்கு எண் போட்ட பேனா, அதே சீட்டில் மற்றக் கட்சிப் பக்கம் தாண்டவே தாண்டாது என்பதையும் சொல்லும்.

விஸ்டின் வீடு வீடாகப் போனான். சிவப்பு வீடுகளுக்கு மட்டும்தான். அதுதான் முறை. முன்னறையில் பிளாஸ்டிக் உறை கழற்றாத சோபாவில் உட்கார வைப்பார்கள். விஸ்கி வரும், வறுத்த பாதாம் வரும். தொட்டி சரியில்லை, பேத்திக்கு வேலை இல்லை என்று பேச்சு வரும். கடைசியில் எழுந்திருக்கும்போது கையைப் பிடித்துக்கொண்டு, “என்னப்பா விஸ்டின், நீ வந்து கேக்கணுமா? எங்க ஓட்டு உனக்குத்தான்” என்பார்கள். எந்த எண் என்று கேட்பது மரியாதை இல்லை. அவன் கேட்கவும் இல்லை.

“உனக்கென்ன கொறச்சல்? ஊரே போடப்போவுது” என்றாள் பேக்கரிக்கார கார்லா அத்தை.

“ஊரே போடுதாம்” என்று மன்றத்தில் ஸ்பிரு சொன்னான். அதைக் கேட்டவர்கள் வீட்டில் போய்ச் சொன்னார்கள். வாக்குப்பதிவுக்கு முந்தின வாரம், விஸ்டின் ஜெயித்துவிட்டான் என்றே ஊர் முடிவு கட்டிவிட்டது.

கடைசியாக அவன் போன தெரு சால்வு வீட்டுத் தெரு. பட்டறையிலிருந்து உளிச்சத்தம் வந்துகொண்டிருந்தது. விஸ்டினின் காலடி வாசலை நெருங்கியதும் சத்தம் நின்றது. விஸ்டினும் ஒரு கணம் நின்றான். நீல வீட்டுக் கதவை ஒரு சிவப்பு வேட்பாளர் தட்டினான் என்றால் இரண்டு மன்றத்திலும் ஒரு மாதத்துக்கு அதுதான் பேச்சு. அதைவிட, அந்த வாசற்படியில் பெட்டியை இறக்கிய கை இது. அவன் நடையைக் கட்டினான். தெருமுனை திரும்பும்போது உளி மறுபடி தட்ட ஆரம்பித்தது.

ஓட்டு எண்ணும் நாளில் மன்றத்தில் நிற்க இடமில்லை. எண்ணும் கூடத்தில் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் இரண்டு கட்சி ஆட்களும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்று, சீட்டுகளை விரிக்க விரிக்கக் கண்ணால் எண்ணுவார்கள். எங்கள் ஊருக்காக நின்றவள் ரொஜீனா, மன்றத்தில் டீ போடுகிறவள். தொண்டை பெரிய தொண்டை. அவள் தொலைபேசியில் பேசினால் ரிசீவரைக் காதில் வைக்க வேண்டாம், மன்றம் முழுக்கக் கேட்கும்.

மத்தியானம் அவள் முதல் தடவை கூப்பிட்டபோது ஒரே கத்தல். “அடிச்சாச்சுடா! ஆட்சி நம்மளது!” கண்ணாடித் தடுப்பை எங்கள் ஆட்கள் கையால் அறைகிற சத்தம் பின்னால் இடி மாதிரி கேட்டது. மன்றம் குதித்தது. நாற்காலி உடைந்தது. விஸ்டினும் குதித்தான். ஆனால் அவன் கண் தொலைபேசி மேலேயே இருந்தது.

தொகுதிக் கணக்கு வர மறுநாள் ஆகிவிட்டது. ரொஜீனா கூப்பிட்டாள். இந்தத் தடவை அவள் குரல் தாழ்ந்திருந்தது. அப்படியும் எல்லாருக்கும் கேட்டது.

“விஸ்டின் அண்ணே இருக்காரா? ...அண்ணே, மனசை விடாதீங்க. உங்களுக்கு ஒண்ணு ரொம்பக் கம்மி. எல்லாம் ரெண்டு. விரிச்ச சீட்டுல எல்லாம் உங்களுக்கு ரெண்டுதான் கொட்டுது. அவ்வளவு ரெண்டு யாருக்கும் விழலே.”

ஸ்பிரு ஜன்னல் வழியாகக் கோயில் கடிகாரத்தைப் பார்த்தான். கார்லா அத்தைதான் முதலில் வாயைத் திறந்தாள்.

“நான் ரெண்டு போட்டேன்பா, ஒளிப்பானேன்? என் மக பிரசவத்துல டாக்டர் ஷெர்ரி கையைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தவரு. அவருக்கு ஒண்ணு போடாம இருக்க முடியுமா? உனக்குத்தான் ஊரே போடுதுன்னாங்களே!”

“நானும் அதான்” என்றது ஒரு மூலை. “நம்ம பட்டியல்ல நின்ன வக்கீல் எனக்குப் பண்ணின உதவிக்கு...” என்றது இன்னொன்று. ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல விஷயம் விளங்கிவிட்டது. விஸ்டின் எப்படியும் ஜெயிப்பான், அடுத்தவர்கள் போடுவார்கள் என்று ஆளாளுக்குத் தங்கள் ஒன்றை வேறு எங்கோ நன்றிக்கடனாகக் கொடுத்துவிட்டு, இவனுக்கு அன்போடு இரண்டைப் போட்டிருக்கிறார்கள். பால் ஊற்றச் சொன்ன பானையில் ஆளுக்கொரு குடம் தண்ணீர் ஊற்றிய கதைதான். அந்தத் தொகுதியில் ஒருவருமே முதல் சுற்றில் தேறவில்லை. இவனுக்கு இரண்டு போட்ட சீட்டுகளெல்லாம், கழலாத டாக்டர், வக்கீல் கட்டுகளிலேயே கிடக்க, ஐந்தாம் சுற்றில் விஸ்டினைக் கழற்றிவிட்டார்கள். எனக்கு இதை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது. ஒருவரும் அவனுக்குக் கெடுதல் நினைக்கவில்லை. நினைத்திருந்தால்கூடத் தேவலை.

ரொஜீனா ராத்திரியே ஊருக்கு வந்துவிட்டாள். விஸ்டினைச் சிரிக்க வைக்கலாம் என்று நினைத்து அவள் சொன்ன கதைதான் மிச்சத்துக்கெல்லாம் காரணம்.

“இதைக் கேளுங்கண்ணே. நீங்க கழண்டதும் உங்க கட்டைப் பிரிச்சாங்க. எல்லாச் சீட்டும் நம்ம ஆளுங்க பக்கமே போவுது. ஒரே ஒரு சீட்டு மட்டும் தாண்டி நீலத்துப் பக்கம் போச்சு! உங்களுக்கு ஒண்ணு, அப்புறம் ரெண்டுலேர்ந்து எல்லாம் நீலக் கட்சிக்காரனுங்களுக்கு! கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவனுங்களும் சிரிக்கிறானுங்க, நாங்களும் சிரிக்கிறோம். எந்தக் கிறுக்கன்னு தெரியலே. அந்த ஒண்ணு வேற எப்படி இருந்துச்சு தெரியுமா? மேலே மூக்கு, கீழே பீடம். கல்லறையில வெட்டுற ஒண்ணு மாதிரி!”

எல்லாரும் சிரித்தார்கள். விஸ்டின் சிரிக்கவில்லை. கிளாஸை மேஜை மேல் வைத்தான்.

மறுநாள் வெற்றி ஊர்வலம். கார்கள் வரிசையாக ஹார்ன் அடித்துக்கொண்டு நின்றன. முதல் லாரியில் விஸ்டினுக்கு இடம் வைத்திருந்தார்கள். மர்யன்னா அவனுக்குச் சிவப்புத் துண்டைக் கொண்டுவந்து நீட்டினாள். அவன் வாங்கவில்லை. கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு, நீல வீடுகளுக்குக் குழாய் வேலைக்குப் போகிற அந்தச் சந்து வழியாகவே நடந்து, அண்ணன் பட்டறையில் போய் நின்றான்.

சால்வு கல்மேல் குனிந்திருந்தான். நிமிரவில்லை.

“என்ன, தண்ணித்தொட்டி எதுவும் ஒழுகலியே இங்கே.”

“அண்ணே.”

“ஊரெல்லாம் ஓட்டு கேட்டியாம். என் வாசலைத் தாண்டிப் போனே. காலடிகூடவா எனக்குத் தெரியாது? ஒண்ணு வேணும்னா கேக்கணும்டா.”

“கேக்காமலே போட்டிருக்கே.”

“யாரு போட்டது? ரகசிய ஓட்டுடா அது.”

“அந்த ஒண்ணுக்குப் பீடம் இருந்துச்சாம்.”

சால்வு உளியைக் கீழே வைத்தான். முகத்தில் பளிங்குத் தூள். சிரிப்பை அடக்கினாற்போல் இருந்தது. “கால் இல்லாத ஒண்ணு எனக்கு எழுத வராது. நாப்பது வருசப் பழக்கம்.” பிறகு அவசரமாகச் சேர்த்துக்கொண்டான். “பெருசா எதுவும் நெனைச்சுக்காதே. நீ கழண்டுடுவேன்னு எனக்கு நல்லாத் தெரியும். நம்ம ஊருக்காரனுங்க லட்சணம் எனக்குத் தெரியாதா? நீ கழண்டே, என் சீட்டு எங்க கட்சிக்கே திரும்பி வந்துடுச்சு. எனக்கு என்ன நட்டம்?”

“அண்ணே, அன்னிக்கு அந்தப் பெட்டி...”

“உக்காரு. டீ கொண்டுவரேன்.”

ஒரு பளிங்குப் பலகை மேல் விஸ்டின் உட்கார்ந்தான். டீ வந்தது. நீல வீட்டு டீ. இறங்கத்தான் செய்தது.

அவன் இரண்டு மிடறு குடிப்பதற்குள் தெருவில் ஹார்ன் சத்தமும் ஒப்பாரியும் நெருங்கின. நீலம் பூசிய பெட்டி. முன்னால் ஸ்பிரு, நெஞ்சுவலியெல்லாம் பறந்து, மெழுகுவர்த்தியும் கையுமாக. பெட்டியை வாசலில் இறக்கப் போனவர்கள் திறந்த கதவுக்குள் பார்த்தார்கள். விஸ்டின் கிளாஸோடு எழுந்து வாசற்படிக்கு வந்து நின்றான்.

“டேய் விஸ்டின்! லாரியில உன்னைத் தேடிக்கிட்டிருக்கோம். அங்கே என்னடா பண்றே?” என்றான் ஸ்பிரு.

“டீ குடிக்கிறேன்.”

“அந்த வீட்டிலயா?”

“எங்க அண்ணன் வீடு. பெட்டியை இங்கே எறக்காதீங்க.”

விஸ்டின் படியை விட்டு நகர்வதாக இல்லை. இரண்டு போட்டவர்கள்தான் அத்தனை பேரும்; அவன் முகத்தை நேராகப் பார்க்க ஒருவருக்கும் தெம்பு இல்லை. பெட்டி தோளுக்கு ஏறியது. ஒப்பாரி அடுத்த தெருவுக்குப் போனது.

விஸ்டின் திரும்பி வந்து உட்கார்ந்தான். ஹார்ன் சத்தம் தேய்ந்ததும் வாயைத் திறந்தான்.

“சீட்டு திரும்பி வந்துடுச்சுன்னு சொன்னே. அந்த ஒண்ணு திரும்பி வராது, அண்ணே. அதை எங்க கணக்குல கூட்டியாச்சு. இவனுங்க ஜெயிச்சதுல உன் ஒண்ணும் இருக்கு. இனி அஞ்சு வருசம் எங்க ஆட்சியில நீ இருக்கணும்.”

சால்வு உளியைக் கையில் எடுத்தான். கல்லில் ஊதித் தூளைத் தள்ளினான்.

“அது தெரியாமலாடா போட்டேன்?” என்றான். “டீ ஆறுது. குடி.”